முப்பது அடிக்குக் கீழே

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வந்து, என் காணிக்கு அடியிலிருந்து நான் எடுத்த தண்ணீரை மீற்றரில் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். அடிலெய்டுக்கு வடக்கே வெள்ளரி பயிரிடுகிறேன். வறண்ட நிலம், நம்பியிருக்க மரே என்று ஒரே ஆறு. அது எட்டாத இடத்தில் நிலத்தைத் துளைக்க வேண்டும். துளைக்கவும் இறைக்கவும் அனுமதி வேண்டும். முதல்முறை வந்தபோது, ஊரில் எங்கள் கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டார். முப்பது அடி என்றேன். இரக்கப்பட்டு என் தோளில் தட்டினார். இங்கே என் குழாய் நூறு மீற்றருக்கும் கீழே போகிறது. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்த முப்பது அடிதான் எங்களை வளர்த்தது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தோடுதான் கோப்பாயில் இருக்கும் தம்பியிடம், வெங்காயத் தோட்டத்தில் ஆழமாகக் குழாய்க்கிணறு அடிக்கச் சொன்னேன். இரண்டு நாளில் அவனே தொலைபேசி எடுத்தான்.

“அண்ணை, பக்கத்து வளவுச் சரசக்கா கத்துறா. அடியிலை கடல் கிடக்காம். நல்ல தண்ணி அதுக்கு மேலை மிதக்குதாம். கன ஆழத்துக்குப் போனா உப்பு ஏறுமாம்.”

“உது பழங்கதையடா. ஆழம் போகப் போகத்தான் நல்ல தண்ணி.”

“உன்ரை அண்ணர் அங்கை இருந்தே எங்கடை கிணத்தை எட்டிப் பாக்கிறாரோ எண்டும் கேட்டவ.”

சிரித்தேன். குழாயை இறக்கினார்கள்.

இரண்டு வருடம் வெங்காயம் நன்றாக விளைந்தது. மோட்டர் பகல் முழுவதும் இறைத்தது. மூன்றாம் வருடக் கோடையில் எங்கள் குழாய் உவர்த்தது. பிறகு சரசக்காவின் கிணறும். குழாயை மூடிவிட்டோம். இரண்டு மாரி பெய்தும் அந்தக் கிணறு திருந்தவில்லை. அவருடைய கத்தரிக் கன்றுகள் கருகிப்போயின. இப்போது குடிக்கிற தண்ணீருக்கு அவர் ஒழுங்கை முகப்பில் குடத்தோடு பவுசர் வண்டிக்குக் காத்து நிற்கிறார்.

கடந்த தையில் ஊருக்குப் போனபோது, மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அன்று பவுசர் வரவில்லை. முதல் வாயிலேயே எனக்கு விளங்கியது.

“சீனி காணுமோ தம்பி, இன்னும் போடவோ?”

“ஓம் அக்கா, காணும்.”

அடிவரை குடித்துவிட்டு, கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே எழுந்துவந்தேன்.

நேற்று அதிகாரி வந்தார். மீற்றரைக் குறித்துக்கொண்டே, ஊரில் அந்தச் சின்னக் கிணறு எப்படி என்றார். ஆழமாகத் துளைத்துவிட்டோம் என்றேன். “குட் ஆன் யூ, மேட்” என்று கைகொடுத்தார். அவர் போனபின் உள்ளே வந்து தேநீர் ஊற்றினேன். நல்ல தண்ணீர். என் நாக்கு அதில் உப்பைத் தேடியது.