ஓடக்கூடாத மாட்டோடு யாழ்ப்பாணத்தில் ஒரு நாள்

1936 மே மாதம், கோடை விடுமுறை விட்டதும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போய் வந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த தோழி அரியாலையில் ஆசிரியையாக இருக்கிறாள். பல வருடங்களாக ‘வா, வா’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் தனியாகக் கடல் கடந்து போவதா என்று உறவினர்கள் கேட்டார்கள். ஐம்பதை நெருங்குகிறவளைத் தூக்கிக்கொண்டு போய் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு மறுபடி ரயில். மதவாச்சியில் வண்டி மாறவேண்டும். தூங்கிவிட்டால் கொழும்பில்தான் கண் விழிப்பீர்கள். சாமான் குறைவாக இருப்பது நல்லது. என்னிடம் ஒரு தோள்பையும் குடையும்தான் இருந்தன.

போய்ச் சேர்ந்த மறுநாள் தோழிக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்க, பக்கத்து வீட்டுச் செல்லையாவின் வண்டியைப் பேசிவிட்டிருந்தாள். ஒற்றை மாடு பூட்டிய சின்ன வண்டி, திருக்கல் என்கிறார்கள். நாள் முழுதுக்கும் ஒன்றரை ரூபாய். ஏறப் போகும்போது செல்லையாவின் மனைவி நாகம்மா வந்து வழி மறித்தாள்.

“அக்கா, பின்னேரம் வந்து எனக்கு ஒரு உண்மை சொல்லவேணும். மாடு ஓடினதோ, நடந்ததோ?”

விஷயம் இதுதான். மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு இங்கே சவாரி என்று பெயர். செல்லையா சவாரிக்குப் பழக்கிய மாட்டைக் கொண்டுவந்து வாடகை வண்டியில் பூட்டியிருக்கிறார். பின்னால் இன்னொரு வண்டிச் சத்தம் கேட்டால் அது நிற்காதாம். போன வாரம் ஏறிய குமாஸ்தாவின் தொப்பி கடலுக்குள் போய்விட்டதாம்.

“ஓடுற மாடு வீட்டுக்கு ஆகாதெண்டு சொல்லி, என்ரை அண்ணை இதை வாங்கக் கேட்டுக்கொண்டு நிக்கிறார். இண்டைக்கும் ஓடினதெண்டால் நாளைக்கே குடுத்திடுவன்” என்றாள்.

செல்லையா என்னைப் பார்த்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவிகளிடம் அந்தப் பார்வையைக் கண்டிருக்கிறேன். மாடோ சாம்பல் நிறத்தில் சாதுவாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. இது ஓடும் என்பதை நான் நம்பவில்லை.

முதலில் கோட்டை. உள்ளே சிறைச்சாலை இருப்பதால் எல்லா இடத்துக்கும் விடுவதில்லை. ஆனால் மதில்மேல் ஏறி நின்றாலே போதும். ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் அலையே இல்லாத கடல். கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசுகிறார்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

“கோட்டைக்குள்ளை இருந்து ஒரு சுரங்கம் போகுது, அம்மா” என்றார் செல்லையா.

“நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை. ஆனால் இருக்கு.”

“யாராவது பார்த்திருக்கிறார்களா?”

“நீங்கள் ஒண்டையும் நம்பமாட்டியள் போலை கிடக்கு” என்று சிரித்தார். “மாடு ஓடும் எண்டதையாவது நம்புங்கோ. வண்டிக் கம்பியைப் பிடிச்ச கையை விடாதையுங்கோ.”

கோட்டைக்குப் பக்கத்தில் பண்ணை என்ற கடற்கரையில் காற்று வாங்கினோம். தீவுகளிலிருந்து தோணிகள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போயிற்று. சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கினேன். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் வாங்காதீர்கள். அதுவரை மாடு கோயில் குருக்களைப்போல நடந்தது. செல்லையாவின் முகம் தெளிந்திருந்தது.

மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். அரியாலைக்கு மூன்று மைல் இருக்கும். கண்டி வீதியில் பாதி வழி வந்தபோது, பின்னால் ஒரு வெள்ளை மாட்டு வண்டி வந்து எங்களோடு ஒட்டி ஓடியது.

“என்ன மச்சான், உது மாடோ, தேரோ? வடம் பிடிக்க ஆள் அனுப்பட்டோ?” என்று கத்தினார் அதை ஓட்டி வந்தவர்.

“பேசாமல் போங்கோ, அத்தான்” என்று செல்லையா கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். நாகம்மாவின் அண்ணன் கந்தையா அவர்தான். முன்னால் போனார், வேகத்தைக் குறைத்தார், மறுபடி பக்கத்தில் வந்தார். “நாளைக்கு என்ரை மாட்டுப் பட்டியிலை கட்டினால் உதின்ரை நித்திரை முறியும்!”

ஓடுகிற மாடு ஆகாது என்று தங்கையிடம் சொல்லி வாங்கப் பார்ப்பவர், அதை ஓடவைக்க எதற்காக இவ்வளவு பாடுபடுகிறார்? எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மாடு நடுங்கிக்கொண்டிருந்தது.

“விடுங்கள்” என்றேன்.

“அம்மா, நாகம்மாவுக்கு என்ன சொல்லுவியள்?”

“நடந்ததைச் சொல்வேன். விடுங்கள்!”

கயிறு தளர்ந்தது. அடுத்த சில நிமிடங்களைப் பற்றி என்னால் ஒழுங்காக எழுத முடியவில்லை. பனையோலை வேலிகள் ஒரே கோடாகப் போயின. மாம்பழங்கள் ஒவ்வொன்றாகத் துள்ளி வீதியில் உருண்டன. குடை மேல்நோக்கி விரிந்துகொண்டது. வெள்ளை மாடு பின்னால் போவதைப் பார்த்தபோது யாரோ கூவியது கேட்டது. கூவியது நான்தான்.

நாகம்மா வேலியோரம் நின்றாள். என் தலைமுடியையும் குடையையும் வெறும் பையையும் வரிசையாகப் பார்த்தாள்.

“ஓடினதோ?”

“ஓடியது. நான்தான் விடச் சொன்னேன்.”

செல்லையா மாட்டின் கழுத்தைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். நான் மீதியையும் சொன்னேன்: யார் பின்னால் வந்தார், என்ன சொன்னார், எப்படி வழிவிடாமல் ஒட்டியே வந்தார்.

“அண்ணையோ?” என்றாள். வேலிக்கு மேலால் வீதியை எட்டிப் பார்த்தாள். பிறகு, “ஆர் முந்தினது?”

“நாம்தான்.”

“எவ்வளவு தூரம்?”

“கடைசியில் திரும்பிப் பார்த்தேன். புழுதிதான் தெரிந்தது.”

நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப உந்த மாட்டை அவருக்கு ஏன் குடுக்கவேணும்?” என்றபடி உள்ளே போய்த் தவிட்டுத் தண்ணீர் வாளியைத் தானே தூக்கிவந்து மாட்டின் முன் வைத்தாள்.

யாழ்ப்பாணத்தை ஒரு நாளில் பார்த்துவிடலாம். இரண்டு நாள் இருந்தால் இன்னும் நல்லது. மாம்பழத்தைப் பையில் போட்டுப் பையின் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். குடை வேண்டாம். வாடகை வண்டி பிடிக்குமுன் மாடு சவாரி ஓடியதா என்று கேளுங்கள். ஓடியது என்றால் ஏறுங்கள். கோட்டைச் சுரங்கத்தை நான் இன்னும் நம்பவில்லை.