செல்லம்மாக்கா கேட்ட கேள்வி

போன கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். அதுவும் இரண்டு நாடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு!

நாம் சீனாவுக்கு இறப்பர் கொடுக்கிறோம். அவர்கள் நமக்கு அரிசி தருகிறார்கள். அந்த ஒப்பந்த விஷயமாகக் கொழும்புக்கு வந்த சீனக் குழுவில் ஒருவருக்கு நம் வயல்களைப் பார்க்க ஆசை. ஜீப்பில் எங்கள் ஊர் வட்டக்கச்சிக்கு வந்துவிட்டார். கூடவே ஆங்கிலம் தெரிந்த ஒரு சீனர், நம் நெல் வாங்கும் பகுதித் தமிழ் அதிகாரி ஒருவர். மொழிபெயர்ப்பது அதிகாரிக்குக் கௌரவக் குறைச்சல்; ஆங்கிலத்தைத் தமிழாக்க வேறு ஆள் வேண்டுமாம்... வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னை அள்ளிக்கொண்டு போனார்கள்.

செல்லம்மாக்காவின் வயலில் இறங்கினோம். பருத்தித்துறையிலிருந்து வந்து, கணவரோடு காடு வெட்டி அந்த வயலை உண்டாக்கியவர். இளநீர் கொடுத்தார். விருந்தாளி குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மாஸ்டர், இவரிட்டை ஒண்டு கேளுங்கோ. இவையள் இப்பிடிக் கப்பல் கப்பலா அரிசி அனுப்பினால், எங்கட நெல்லை ஆர் வாங்கிறது?”

அதிகாரி என்னை முறைத்தார். நான் என்ன செய்வேன்?

“அரிசிக்கு இந்த அம்மா நன்றி சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டேன்.

அது சீனமாகிப் போனது. விருந்தாளி செல்லம்மாக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்னது ஆங்கிலமாகி என்னிடம் வந்தது.

“நன்றி சொல்கிறவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டா நிற்பார்? அவர் கேட்டதைச் சொல்லுங்கள்.”

சொன்னேன். வேறு வழி?

மனிதர் கோபிக்கவில்லை — விழுந்து விழுந்து சிரித்தார். “என் அம்மாவும் வயலில் வேலை செய்தவர்தான். அவரும் இதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் பதில் உங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது.”

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் நெற்றியைத் துடைத்தார்.

“நாங்கள் வாங்குவம்தானே அம்மா...”

“எப்ப? போன போகத்து நெல்லு இன்னும் சாக்கிலை கிடக்கு. இப்ப எலியள்தான் வந்து வாங்குதுகள்!”

“சரி, வாற செவ்வாய் லொறி அனுப்புறன்.”

செல்லம்மாக்கா விடவில்லை. “மாஸ்டர், இதை அப்பிடியே அவருக்கும் சொல்லுங்கோ. அவரும் சாட்சிக்கு இருக்கட்டும்.”

இந்த முறை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். விருந்தாளி தலையை ஆட்டி, அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் லொறி வந்து நின்றது.

நட்பு நாட்டுக்காரர்கள் அடிக்கடி வரட்டும். அரிசிக்காக அல்ல — அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் நம் அதிகாரிகள் எவ்வளவு நல்ல பிள்ளைகள்!