முதலில் கையைப் பார்ப்பவர்

இலங்கை மலைநாட்டில், ஊவா எல்லையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு கல் வளைவுப் பாலம் உண்டு. தேயிலைப் பெட்டி ஏற்றிப் போன சின்ன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போன புதிதில், ஒரு சாயங்காலம் பாலத்துக்கு எதிரே உட்கார்ந்து அதை நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன்.

தலையில் கறுப்புக் கம்பளியும் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியுமாக ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். யாரைக் கண்டாலும் அவருக்கு அதுதான் பழக்கம் என்று பிறகு தெரிந்தது.

“என்ன எழுதுறீங்க?”

“எழுதலைங்க. சும்மா பாலத்தை வரையிறேன்.”

“அன்னைக்கு வந்த தொரையும் சும்மா பாக்க வந்தேன்னுதான் சொன்னாரு. நான் அப்ப இந்த ரயில் ரோட்டுல வேலை. நோட்டோட நின்ன மனுசனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். மறு மாசமே ரயிலை நிப்பாட்டிட்டாங்க.”

எனக்கு எரிச்சல் வந்தது. “அதான் எல்லாத்தையும் கழட்டிட்டாங்களே. இனி இங்க கழட்ட என்ன இருக்கு?”

“நாங்க இருக்கோமில்ல?” என்றார். நான் எழுந்து போகும்வரை அந்த இடத்தை விட்டு அவர் அசையவில்லை.

கிறுக்கு மனிதர் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, இரு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பவேண்டியவர்களைப் பதிய அதிகாரிகள் தோட்டத்துக்கு வந்தார்கள். தமிழில் கேட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். வரிசையில் அவர் முறை வந்தபோது, அப்போதும் என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அன்று அவர் பெயரை எழுதினேன். இங்கே எழுத மனம் வரவில்லை.