உப்புத்தாள் எட்டாத இடம்

நீங்கள் பொய் சொன்னீர்கள். உப்பளக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், "அவன் காஸை மிச்சம் புடிச்சிட்டான், அதான் என் பம்ப் ஷாஃப்ட் எல்லாம் துருப்புடிச்சிட்டுது" என்றீர்கள். அன்றிலிருந்து மரக்காணத்து ஷாஃப்ட் ஒன்றுகூட என் பட்டறைக்கு வரவில்லை.

பெருமுக்கல் பக்கம் ரோட்டோரத்தில் இருக்கும் என் பட்டறையில் ஒரே வேலைதான். இரும்பின் மேல்தோலைக் கெட்டிப்படுத்துவது. சாமான்களை ஃபர்னஸில் அடுக்கி மூடி, அமோனியாவும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் விடுவேன். சூட்டில் அமோனியா உடைந்து, நைட்ரஜன் இரும்புக்குள் இறங்கும். கூடவே கார்பனும் இறங்கும். தலைமுடியைவிட மெல்லிசாக, தேய்மானத்தையும் துருவையும் தாங்குகிற ஒரு தோல் கட்டும். அமோனியா மிஞ்சினால் தோல் பொரிந்து உதிரும். குறைந்தால் கட்டவே கட்டாது.

சூடு எவனும் ஏற்றுவான். காஸைப் பிடித்து நிறுத்துவதுதான் தொழில். வெளியே வரும் காஸைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மேலிருந்து தண்ணீர் விடுவேன். உடையாமல் மிச்சமிருக்கும் அமோனியாவைத் தண்ணீர் குடித்துவிடும். எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறதோ அவ்வளவு அமோனியா உடையவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து வால்வைத் திருப்புவேன்.

உங்கள் லோடு உள்ளே இருந்தபோது சிலிண்டர் வேர்த்து, பனி பூத்து, காஸ் வரத்து குறையத் தொடங்கியது. உடனே வேறு சிலிண்டருக்கு மாற்றினேன். சாப்பாட்டுக்குக்கூட நகரவில்லை. என் பெண்டாட்டி தூக்கோடு வந்து, "பேசாம இந்த ஃபர்னஸுக்கே தாலி கட்டியிருக்கலாம் நீ" என்று திட்டிவிட்டுப் போனாள். மூடியைத் திறந்தபோது அத்தனை ஷாஃப்ட்டும் ஒரே சாம்பல் நிறம். ஒரு திட்டு கிடையாது. அரம் போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அதைவிட நல்ல லோடு நான் எடுத்ததில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் உங்கள் ஷெட்டுக்கு வந்தேன். ஷாஃப்ட்டெல்லாம் சிவந்து கிடந்தன. உங்கள் மேஸ்திரிதான் வாயைத் திறந்தார்.

"ஆயுத பூஜைக்கு எல்லாம் பளபளன்னு இருக்கணும்னு ஓனர் சொல்லிட்டாருங்க. இது என்னடா சாம்பலாட்டம் இருக்குதுன்னாரு. லேத்துல மாட்டி, உப்புத்தாள் புடிச்சு, வெள்ளி மாதிரி ஆக்கிட்டோம்."

நான் கட்டிக் கொடுத்த தோலைச் சுத்தமாகச் சுரண்டி, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, மழைக்காலம் முழுக்க உப்புக்காற்றில் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

அப்போதும் நீங்கள் விடவில்லை. "ஏம்பா, தேய்ச்சா போற அளவுக்குத்தான் போட்டியா?"

"சாமிக்குப் பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி தோலை உரிப்பீங்களா?" என்றேன். மேஸ்திரி சிரிப்பை அடக்க இருமினார்.

ஷாஃப்ட் நுனியில் மரை போட்ட இடத்தைக் காட்டினேன். மரையின் பள்ளத்துக்குள் உப்புத்தாள் எட்டாது. அதே ஷாஃப்ட், அதே காஸ், அதே மழை. பள்ளத்துக்குள் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். நகத்தால் கீறியும் பார்த்தீர்கள். "சரி, விடுப்பா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

விடமாட்டேன். உப்புத்தண்ணீரில் ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காஸ் விஷயத்தில் என்னைக் குறை சொல்ல இந்தக் கடற்கரையில் ஒருத்தருக்கும் இடம் வைத்ததில்லை. ஷெட்டுக்குள் முனகிய "சரி" எனக்கு வேண்டாம். உப்பளக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்: அந்த மரைக்குள் துரு இருந்ததா, இல்லையா?