நீர்மட்டத்துக்குக் கீழே தெரிந்த தோணி

அலுவலகத்துக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும் பதினான்கு நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். இறுதிப் பதில் கொடுக்க முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது என்றாவது தெரிவிக்க வேண்டும். இந்த விதியை முப்பத்துநான்கு வருடங்கள் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியவன் நான். ஜனவரி கடைசியில் என் ஓவியம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பியபோது, அது எனக்கும் பொருந்தும் என்றுதான் நம்பினேன்.

மாவட்டக் கண்காட்சி ஒன்றுக்காக அனுப்பியது. தாமாகவே வரையப் பழகியவர்களுக்கென்று அதில் ஒரு பிரிவு இருந்தது. நான் ஓய்வு பெற்ற மறு மாதம் பென்சில் வாங்கியவன். ஆசிரியர் கிடையாது, யூடியூபும் ஒரு வரைதல் கொப்பியும்தான். முதல் வருடம் அழிறப்பரையே தொடவில்லை. ஆவணத்தில் அழித்தல் கூடாது. பிழையைக் குறுக்கே ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். படத்திலும் அப்படியே செய்தேன். நான் வரைந்த மாங்காயைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்:

“இந்த மாங்காய்க்கு ஏன் நாலு இடத்தில ஒப்பம்? கச்சேரிக்கா அனுப்பப் போறீங்க?”

அன்று பின்னேரமே கடைக்குப் போய் அழிறப்பர் வாங்கினேன்.

கண்காட்சிக்கு அனுப்பியது, வாவியில் நிற்கும் ஒரு தோணியின் படம். தோணி பக்கத்து வளவில் இருக்கும் மீனவருடையது. அனுப்பி ஒரு கிழமைக்குப் பிறகு, போனில் எடுத்து வைத்திருந்த அதன் படத்தை அவருக்குப் பெருமையோடு காட்டினேன். வலையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இரிக்கு ஐயா. கரையில ஏத்தி வெச்சா கீறின?”

“இல்ல, தண்ணியில நிக்கக்குள்ளதான் கீறினன்.”

“அப்ப ஏன் அடி முழுக்கத் தெரியுது? இது தண்ணிக்கு மேல குந்திக்கொண்டிரிக்கு, அடைகாக்கிற கோழி மாதிரி.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வருடா வருடம் அலுவலகப் பொருட்களைச் சரிபார்க்கும்போது, கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றையும் விடாமல் எழுதிப் பழகியவன் நான். தோணிக்கு அடிப்பலகை உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை எப்படி விடுவது? முழுவதையும் கீறிவிட்டு, தண்ணீரை அதன் கீழே ஒரு பாயைப் போல விரித்திருந்தேன்.

நித்திரை அன்றோடு கெட்டது. படம் தெரிவாகாமல் போவதல்ல, தெரிவாவதே என் பயமாகிவிட்டது. தெரிவானால் மண்டபத்தில் என் பெயரோடு தொங்கும். பார்க்க வருபவர்கள் என்னிடம் வேலை செய்தவர்கள். அவர்களுடைய வரைவுகளைச் சிவப்பு மையால் கிழித்துத் திருப்பி அனுப்பியவன் நான். ஒரே வசனத்துக்காக ஒரு பெண்ணை ஐந்து தடவை நடக்க வைத்திருக்கிறேன். இன்றைக்கு அவர் பெரிய பதவியில் இருக்கிறார். அவர் என் தோணிக்கு முன்னால் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் போனாலே எனக்கு அந்தத் தலைகுனிவு போதும்.

படத்தைத் திரும்பப் பெறலாமா என்று நிபந்தனைகளைப் பார்த்தேன். பெறலாம், விண்ணப்பத்தில் பதிவிலக்கம் குறிப்பிட வேண்டும். பதிவிலக்கம் பதில் கடிதத்தில் வரும். பதில் கடிதம் வரவில்லை. வேறு படத்தை மாற்றிக் கொடுக்கவும் இடமில்லை. இப்படியொரு நிபந்தனையை நானே எழுதியிருப்பேன், இதைவிட நன்றாகவும் எழுதியிருப்பேன்.

கண்காட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், ஒரு பெண் பிள்ளை “பொறுப்பானவர் லீவு சேர், திங்கக்கிழமை எடுங்க” என்றது. எந்தத் திங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதிலை என் அலுவலகத்தில் பழக்கியவனே நான்தான். இரண்டு நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன். அவற்றுக்கும் பதில் இல்லை.

மனம் ஆறாமல் தினமும் காலையில் ஆரையம்பதி வாவிக் கரைக்குப் போய் உட்கார்ந்தேன். தோணியைக் கீறவில்லை, தோணியும் தண்ணீரும் சந்திக்கிற அந்த ஒரு கோட்டை மட்டும் கீறினேன். அது நேர்கோடே அல்ல. மீனவர் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து கோடு சரிகிறது. வலையை இழுத்துப் போட்டால் இன்னும் தாழ்கிறது. கோட்டுக்குக் கீழே பலகை இல்லை, கலங்கிய நிழல்தான். சித்திரைப் புத்தாண்டு கழிந்தபோது என் தோணி தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மீனவர் கொப்பியைப் பார்த்து, “ஓம், இப்ப இது மிதக்குது” என்றார். எனக்கோ ஆறுதலுக்குப் பதில் பயம்தான் கூடியது. கை தேறத் தேற, அனுப்பிய படம் என் நினைவில் மேலும் மேலும் கேவலமாகிக்கொண்டே போனது.

மே மாதத்தில் என்னிடம் வேலை செய்த ஒருவர் போன் எடுத்தார்.

“சேர், கண்காட்சிக்கு நீங்களும் படம் குடுத்தீங்களாம் எண்டு கேள்விப்பட்டம். பழைய ஆக்கள் எல்லாரும் ஒரு வேன் பிடிச்சு வாறம்.”

“இன்னும் தெரிவாகல்ல. வீணா அலையாதீங்க.”

“உங்கட வேலையில பிழை இரிக்குமா சேர்? மறுகா என்ன, வாறம் சேர்!” என்று சிரித்தார். அது பாராட்டா, பழைய கணக்கா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

கடைசியில் பதில் வந்தது. படம் தெரிவாகியிருந்தது, பதிவிலக்கமும் இருந்தது. விலக்கிக்கொள்ள விரும்புவோர் கடிதத் திகதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. கடிதத்தின் திகதி ஜூன் மூன்று. தபால்காரர் கேற்றில் மணியடித்து அதை என் கையில் தந்தது ஜூன் பன்னிரண்டு.