கதவைச் சாத்திய கை

மருதமுனையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் பலர். கறுப்பு என்றால் மட்டும் ஹாஜறாதான். மற்றவர்கள் போட்ட கறுப்பு நாலு தரம் கழுவினால் சாம்பலாகிவிடும். அவள் போட்டது, அந்த நூலில் நெய்து உடுத்த சாரம் கிழிந்த பிறகும் கறுப்பாகவே கிடக்கும். அதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. நூலை முதலில் நீலத்தில் தோய்ப்பாள், காயவிட்டுச் சிவப்பில் தோய்ப்பாள், கடைசியில்தான் கறுப்புத் தொட்டிக்குக் கொண்டுபோவாள். அவசரக்காரர்களுக்கு அந்தப் பொறுமை வராது, அவ்வளவுதான். கலியாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் சஹனில் கைவைத்தால் அவளுடைய நகங்களைப் பார்த்து, "ஹாஜறாட மருதோண்டி கறுப்புகா" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள்.

பத்தாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். வாசிப்பை நிற்பாட்ட யாராலும் முடியவில்லை. ஊரில் ஓர் இலக்கிய வட்டம் இருந்தது. மாதம் ஒரு கவிதையை றோணியோ மெசினில் படியெடுத்து வீடுவீடாகக் கொடுப்பார்கள். விரும்பியவர்கள் அதைப்பற்றி எழுதலாம். கூட்டத்தில் ஆண்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே வாசிப்பார்கள். பெண்கள் எழுதியதைச் செயலாளர் றவூப் மாஸ்டர் வாசிப்பார். எழுதியவள் திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு தன் சொல்லை அடுத்தவர் வாயால் கேட்க வேண்டும். மண்டபத்தின் குறுக்கே கட்டும் அந்தக் கறுப்புத் திரைக்குச் சாயம் போட்டவளும் ஹாஜறாதான். இதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்?

எண்பத்திநாலு பெப்ரவரிக்கு வந்த கவிதை கொழும்பைப் பற்றியது. போன ஆடியில் தமிழர்களைத் தேடித்தேடி அடித்த கலவரத்துக்குப் பிறகு யாரோ பெயர் போடாமல் எழுதியது.

நகரத்தின் மேல் நீலப் புகை.
தெரு தன் சிவந்த வாயைத் திறந்தது.
கத்திகள் நடந்தன.
நெருப்பு வீடு வீடாய் முகவரி கேட்டது.
கதவுகள் தாமாகவே சாத்திக்கொண்டன.
பிறகு இருட்டு
தன் கறுப்பைத் தானே குடித்தது.

முதல் வாசிப்பில் ஹாஜறாவுக்கு இது பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வாளிக் கறுப்பை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான், தொட்டிக்குப் புதிதாக வந்தவன் செய்கிற பிழை இது என்று நினைத்தாள். அப்படியே இரண்டு பக்கம் எழுதியும்விட்டாள். மறுநாள் சாயக் கொட்டிலில் நூலைப் பிழிந்துகொண்டு நிற்கும்போதுதான் பொறி தட்டியது. நீலம், சிவப்பு, கறுப்பு. அவள் தோய்க்கிற அதே ஒழுங்கில்தான் கவிதையும் போகிறது! இந்த இருட்டு சும்மா வந்த இருட்டில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகத் தோய்த்து எடுத்தது. எழுதிய இரண்டு பக்கத்தையும் அடுப்பில் போட்டாள்.

பக்கத்துத் தொட்டியில் நின்றவள் செல்லத்தங்கம். பக்கத்துத் தமிழூரான பெரியநீலாவணையிலிருந்து நடந்து வேலைக்கு வருகிறவள். ஆடியில் அவளுடைய தம்பி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். உயிரோடு வந்துசேர்ந்தான், உடுத்த உடுப்போடு. ஹாஜறா கவிதையை வாசித்துக் காட்டியதும் கைவேலையை விட்டுவிட்டு நின்றாள்.

"கதவச் சொல்லியிரிக்கான் பாரு புள்ள," என்றாள். "எங்கட தம்பி கத்தியப் பத்திக் கதைக்கிறல்ல. எத்தின கதவத் தட்டின எண்டுதான் கதைப்பான்."

அந்தச் சொல் ஹாஜறாவைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் இருந்து எழுதினாள். கத்திக்கு ஒரு பந்தி, நெருப்புக்கு ஒரு பந்தி, இருட்டுக்கு இரண்டு பந்தி. கடைசியில் கதவுக்கு ஒன்று. எழுதியதில் உயிர் அந்தக் கடைசிப் பந்தியில்தான் இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

றவூப் மாஸ்டருக்கும் தெரிந்தது. கட்டுரையை வாசித்தவர் மறுநாளே வீட்டு வாசலுக்கு வந்தார்.

"கத்தி, நெருப்பெல்லாம் நல்ல வடிவா எழுதியிரிக்கீங்க தங்கச்சி. இந்தக் கதவுப் பந்திய மட்டும் விடுவம்."

"ஏன் மாஸ்டர்?"

"எங்கட முஸ்லிம் ஆக்களும் அங்க கடை வெச்சிரிக்காங்க. அண்டைக்குக் கதவத் திறந்திருந்தா கடையும் போயிரிக்கும், உயிரும் போயிரிக்கும். அவங்கட தலையில ஏன் பழியப் போடுற?"

"நான் ஒருத்தர்ட தலையிலயும் போடல்ல. கவிதையில இரிக்கிறதத்தான் எழுதின. வாசிக்கிறண்டா முழுக்க வாசிங்க. இல்லாட்டி திருப்பித் தந்திருங்க."

"பாப்பம், பாப்பம்," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். அந்தப் 'பாப்பம்' ஹாஜறாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் 'பாப்பம்' என்று சொல்லித்தான் இந்த ஊரில் பாதிக் காரியம் நடக்காமல் போகிறது. அன்றே அந்தப் பந்தியைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தாள்.

உள்ளே இருந்து இதையெல்லாம் அவளுடைய கணவர் மசூர் கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் எட்டு வருடம் நின்றவர். ஆடி முடிந்து ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பொழுதுபட்டு மஃரிபு தொழுதுவிட்டு வந்தால் முன்கதவைப் பூட்டி, கொண்டியை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். "அங்க என்னத்தக் கண்டீங்க?" என்று ஹாஜறா கேட்டால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

"கூட்டத்துக்கு வாங்களன்," என்று மட்டும் கேட்டாள். வந்தார். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் தொடங்கியது. ஹாஜறாவின் கட்டுரைதான் கடைசி. மாஸ்டர் கணீரென்று வாசித்தார். நீலம், சிவப்பு, கறுப்பு என்ற இடத்தில் ஆண்கள் பக்கம் "ஆகா" என்ற சத்தம் வந்தது. திரைக்குப் பின்னால் செல்லத்தங்கம் ஹாஜறாவின் தொடையில் தட்டினாள். இருட்டுப் பந்தி முடிந்தது. மாஸ்டர் தாள்களை மடித்தார். கைதட்டினார்கள்.

ஹாஜறா எழும்பி நின்றாள்.

"மாஸ்டர், ஒரு பந்திய விட்டுட்டீங்க."

கைதட்டல் நின்றது. அந்த மண்டபத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது அதுதான் முதல் தரம்.

"நேரமில்ல தங்கச்சி, மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போறாங்க."

"பாங்குக்கு முதல் முடிச்சிருவன்."

ஆண்கள் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னொருவர், "பொம்புளையள் கதைக்கிற வழக்கமில்லயே," என்றார். ஹாஜறா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொல்லத் தொடங்கினாள்.

"இந்தக் கவிதையில் கத்தி நடக்கிறது, நெருப்பு முகவரி கேட்கிறது, கதவு சாத்திக்கொள்கிறது. ஒரு மனிதக் கைகூட இல்லை. நான் சாயம் போடுகிறவள். கறுப்புப் போட்டால் பத்து நாளைக்கு என் நகத்தில் நிற்கும், யார் போட்டதென்று ஊருக்கே தெரியும். அந்த நகரத்துக்கு இவ்வளவு கறுப்பைப் போட்டவர்களின் கைகள் எங்கே? அந்தக் கைகள் ஒளிந்திருக்கிற இடத்துக்குத்தான் கவிஞர் இருட்டு என்று பெயர் வைத்திருக்கிறார். கத்தி பிடித்த கையை எல்லாரும் தேடுவோம். கதவைச் சாத்திய கையைத் தேடமாட்டோம். அது கெட்ட கை அல்ல, பயந்த கை. அதற்கும் பிள்ளைகுட்டி உண்டு. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் சாத்தியிருப்பேனோ தெரியாது. ஆனாலும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது."

முடித்துவிட்டாள். கடைசி வாங்கு இழுபடுகிற சத்தம் கேட்டது.

"நான்தான் சாத்தின," என்றது மசூரின் குரல். "முதலாளி கடையில இல்ல. சாவி என்னட்டத்தான் இரிந்த. வெளியில ஒராள் மூணு தரம் தட்டினாரு. தமிழ்லதான் கூப்பிட்டாரு. நான் உள்ளுக்கத்தான் இரிந்த."

பாங்கு ஒலித்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்காமல் கலைந்தார்கள். செல்லத்தங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சொன்னதற்காக ஹாஜறா வருந்தவில்லை, மறுபடி அந்த இடத்தில் நிற்கவைத்தாலும் அதையேதான் சொல்வாள். சிநேகிதி போன விதம்தான் வலித்தது.

அடுத்த மாதம் முதல் அந்த வட்டத்தில் பெண்கள் எழுதியதைப் பெண்களே வாசித்தார்கள். திரை இருந்தபடியே இருந்தது. றவூப் மாஸ்டர் வட்டத்தின் இதழில் அவளுடைய கட்டுரையை ஓர் எழுத்தும் குறையாமல் அச்சிட்டார். இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று மஃரிபு முடிந்து மசூர் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போலக் கதவைப் பூட்டினார். கொண்டியை இழுத்துப் பார்க்காமல் அதன் பக்கத்திலேயே நின்றார். ஹாஜறா தேத்தண்ணீர் ஊற்றினாள். அவர் தொடவில்லை.

அப்போது கதவில் தட்டினார்கள். ஹாஜறா எழும்பினாள்.

"நீ இரி," என்றார் மசூர்.

இரண்டாம் தரம் தட்டும் சத்தம் கேட்பதற்குள் கொண்டியைத் திறந்துவிட்டார். வாசலில் செல்லத்தங்கம் நின்றாள். பெரியநீலாவணை வரைக்கும் போய், வீட்டுக்குள் ஏறாமல் அப்படியே திரும்பி வந்தவள்போல முகமெல்லாம் வேர்த்திருந்தது. கண் கலங்கிச் சிவந்திருந்தது. மசூரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தொண்டை காஞ்சி போச்சி அண்ணன்," என்றாள். "கொஞ்சம் தண்ணி தாங்க."

மசூர் தானே போய்க் குடத்தில் மொண்டு வந்தார். அவசரத்தில் பாதித் தண்ணீர் படியில் சிந்தியது. மிச்சத்தைச் செல்லத்தங்கம் சாயம் படிந்த இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தாள்.