மணலில் இறக்கிய காற்று

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் கும்பிட்டுத் திரும்பும்போது எங்கள் கார் ஆற்றோர மணலில் புதைந்தது. என் மடியில் இருந்த எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. சேரன்மகாதேவிக்குப் போனால்தான் டாக்டர்.

கோயிலில் பொங்கல் வைக்கும் சாமான்களோடு பாரம் கூடுதல் என்று, காலையில் டயர்களில் அதிகமாகவே காற்றடித்திருந்தார் என் கணவர். இப்போது அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் கீழே போனது. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து மணலில் ஏறும் என்று எங்கோ படித்திருந்தேன். தவறாகப் புரிந்திருந்தால்? வழக்கம்போலத் தயங்கினேன். குழந்தை முனகியது. அவளைப் பின்சீட்டில் இருந்த மாமியாரிடம் கொடுத்துவிட்டு இறங்கி, கொண்டை ஊசியால் டயர் வால்வை அழுத்தினேன்.

“ஏட்டி, என்ன செய்யுத? இருக்க காத்தையும் புடுங்கிட்டா காரைத் தலையிலயா தூக்கிட்டுப் போவ?” என்றார் கணவர்.

“விடு தாயி, அவன் பாத்துக்கிடுவான்,” என்றார் மாமியார்.

“ஒங்க மவன் பாத்தது போதும் அத்தை. பிள்ளைக்குக் கொதிக்குது.”

நான்கு டயர்களும் அடியில் சற்றுப் பிதுங்கும்வரை நான் நிறுத்தவில்லை.

“இப்பம் காரைப் பைய எடுங்க. மிதிக்காதீங்க,” என்றேன்.

கார் மெல்ல அசைந்து மேலேறியது. பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்துபோய்க் காற்றை நிரப்பிக்கொண்டு டாக்டரிடம் சேர்ந்தோம். மருந்து கொடுத்ததும் குழந்தை தூங்கினாள். அருகில் கணவர் தன் அண்ணனிடம் போனில், “எப்படியோ காரை வெளிய எடுத்துட்டேன்,” என்றார்.

“நாந்தான் காத்தை இறக்குனேன்னு சொல்லுங்க,” என்றேன், மறுமுனைக்கும் கேட்கும்படி.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் அப்படியே சொன்னார்.

இன்றும் குழந்தைக்குச் சட்டை போடுவதற்குக்கூட இரண்டு முறை யோசிக்கிறேன். அன்று அவரை அப்படிச் சொல்லவைத்தது சரியா என்று மட்டும் ஒரு முறைகூட யோசித்ததில்லை.